வெயிலுக்குத்தான் சாப்பிடவில்லை என்று நினைத்தேன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கத்திரி வெயில் தொடங்கிய வாரம், கோடையில் வீட்டு விலங்குகளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் அரைப்பக்கம் போட்டிருந்தீர்கள். அதில் ஒரு குறிப்பு: வெயில் நாட்களில் நாய்கள் வழக்கத்தைவிடக் குறைவாகச் சாப்பிடும், பயப்பட வேண்டாம், தண்ணீர் மட்டும் தாராளமாக வையுங்கள். அந்தப் பக்கத்தை நான் கத்தரித்து அடுப்பங்கரை அலமாரிக் கதவில் ஒட்டியும் வைத்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதை நம்பி ஐந்து நாள் சும்மா இருந்துவிட்டேன். எங்கள் நாய் சாகக் கிடந்த ஐந்து நாள் அது. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் முப்பத்தொரு வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். ஊரில் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள், ஒரு நாளும் பாடம் எடுத்ததில்லை. என் வேலை கணக்கு. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, இத்தனை பிள்ளைக்கு இத்தனை முட்டை, மிச்சம் எவ்வளவு. அந்தக் கணக்கோடு தட்டுகளையும் பார்த்துப் பழகிவிட்டேன். முட்டையை மட்டும் தின்றுவிட்டுச் சோற்றை ஒதுக்குகிற பிள்ளைக்கு ஒன்றுமில்லை, அது சேட்டை. முட்டையையும் தொடாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைத்தான் பக்கத்தில் போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். பெரும்பாலும் சுடும். அப்படிப் பார்த்த கண்ணை என் வீட்டு முற்றத்தில் எங்கே தொலைத்தேன் என்று இப்போதும் புரியவில்லை.

எங்கள் நாயின் பெயர் செவலை. நிறத்தை வைத்து வைத்த பெயர்தான். நாட்டு நாய், பொட்டை. பதினோரு வருடத்துக்கு முன்னால் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் விறகு அடுக்கில் கிடந்தது. என் மகள் பாவாடையில் பொதிந்து எடுத்து வந்தாள். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள், நாய் எங்களோடு. ராத்திரிக்கு ரசமில்லாத வெறுஞ்சோறு, அதில் வேகவைத்த கருவாட்டுத் தலை இரண்டு. ஞாயிற்றுக்கிழமை கோழிக் கழுத்து. தட்டை வைத்துவிட்டு நிமிர்வதற்குள் தட்டு காலியாகிவிடும். அப்புறம் தட்டை முற்றம் முழுக்க நக்கித் தள்ளிக்கொண்டே போகும். காலையில் அந்த அலுமினியத் தட்டைத் துளசி மாடத்துக்குப் பின்னாலோ பைப்படியிலோ தேடி எடுப்பது என் வேலை.

மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலையில் தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. சோறு பாதி இருந்தது. கருவாடு இல்லை. சரி, வெயில் என்று எடுத்துக் கொட்டினேன்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி முகர்ந்து பார்த்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டது. தயிர்ச் சாதம் பிசைந்து வைத்தேன். அதில் இரண்டு வாய். புதன்கிழமை கருவாட்டையும் தொடவில்லை. காலையில் எழுந்து பார்க்கிறேன், சோற்றின் மேல் ஒரு வெடிப்பும் இல்லாமல் நான் அமுக்கி வைத்த கைத்தடம் அப்படியே இருக்கிறது, அதன் மேல் எறும்பு ஒரு கோடு போட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்தபோது வயிற்றுக்குள் என்னவோ செய்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அலமாரிக் கதவைத் திறந்தால் உங்கள் பத்திரிகை பயப்படாதே என்கிறது. எதிர்வீட்டு மதினி, "வயசாயிட்டுல்லா, இனி அப்படித்தான் இருக்கும்" என்கிறாள். என் கணவர், நாய் தன் முடிவு தெரிந்தால் தானே சோற்றை விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், அதைத் தொந்தரவு பண்ணாதே என்றார். அவருடைய அப்பா காலத்து நாய் அப்படித்தான் வைக்கோற்போர் ஓரமாகப் போய்ப் படுத்ததாம். அந்த நாய்க்கு என்ன நோய் என்று யாராவது பார்த்தார்களா என்று இப்போது கேட்கிறேன், அப்போது கேட்கத் தோன்றவில்லை.

எனக்குத் தைரியம் கொடுத்தது தண்ணீர்தான். செவலை தண்ணீர் குடித்தது. நன்றாகவே குடித்தது. பெயின்ட் வாளி ஒன்றை அறுத்து அதற்குத் தொட்டியாக வைத்திருக்கிறோம். வழக்கமாகக் காலையில் ஒரு சொம்பு ஊற்றினால் மறுநாள் வரைக்கும் வரும். அந்த வாரம் காலையில், மத்தியானம், ராத்திரி என்று மூன்று தரம் ஊற்றினேன். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அது லப்லப்பென்று குடிக்கிற சத்தம் கேட்டு, தண்ணீராவது உள்ளே போகிறதே என்று நிம்மதியாகத் திரும்பிப் படுத்தேன். பதினோரு வருடத்தில் ஒரு நாளும் வீட்டுக்குள் ஒன்றுக்குப் போகாத நாய், வியாழக்கிழமை திண்ணையிலேயே போய்விட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. வயசு, வெயில், வயசு, வெயில். எதைக் கண்டாலும் இந்த இரண்டில் ஒன்றைச் சொல்லிக்கொண்டேன்.

இடையில் செய்த வைத்தியத்தையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாக இருந்தாலும். எங்கள் சங்கரன்கோவில் பக்கத்தில் எதற்கும் முதலில் கோயில் புற்றுமண்தான். அதைக் குழைத்து வயிற்றில் பூசினேன். பூசும்போது வயிறு கொஞ்சம் உப்பலாக இருந்தது. சாப்பிடாத நாய்க்கு வயிறு எப்படி உப்பும் என்று யோசிக்காமல் வாய்வு என்று நினைத்துச் சீரகத் தண்ணீர் கொடுத்தேன். அப்புறம், அது எழுந்திருக்கும்போது முனகியதால், என் கணவர் மூட்டு வலிக்குப் போடுகிற மாத்திரையில் பாதியை உடைத்துத் தோசைத் துண்டுக்குள் வைத்து நீட்டினேன். அது தோசையை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மனிதர்கள் போடுகிற வலி மாத்திரைகள், அதிலும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரியானவை, நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. பசியில்லாமல் போனதால் அந்த மாத்திரையிலிருந்து தப்பியது. அதைவிட என்ன சொல்ல.

வெள்ளிக்கிழமை காலையில் வாந்தி. மஞ்சளாக, நுரையாக. அன்றைக்குத்தான் பக்கத்து ஊர் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் மாடுகளுக்குக் கோமாரி ஊசி போட வெளியே போயிருந்தார். வேப்பமரத்தடியில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தோம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரே டாக்டர், சுற்றி அத்தனை ஊர், அத்தனை மாடு, ஆடு.

வந்தவர் என் மகள் வயதுப் பெண். செவலையின் மேலுதட்டைத் தூக்கி, ஈறில் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி எடுத்தார். அழுத்தின இடம் வெள்ளையாக நின்றது. "இது ரெண்டு செகண்டுக்குள்ள திரும்பச் சிவக்கணும்மா" என்றார். நான் மனசுக்குள் எண்ணினேன். நாலு எண்ணியும் முழுதாகச் சிவக்கவில்லை. காய்ச்சல் 103.6. மனிதருக்கு அது ஆபத்து, நாய்க்கு 102.5 வரைக்கும் சாதாரணமாம், அதனால் இது கொஞ்சம் கூடுதல். பிறகு மூன்று கேள்வி கேட்டார். தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது? கருத்தடை ஆபரேஷன் பண்ணியிருக்கிறதா? கடைசியாக எப்போது ஹீட்டுக்கு, அதாவது பருவத்துக்கு, வந்தது?

முதல் கேள்விக்குப் பெருமையாகப் பதில் சொன்னேன், மூன்று சொம்பு என்று. அவர் முகம் மாறியது. சொம்பு எத்தனை பிடிக்கும் என்றார். எனக்கா தெரியாது, ஒரு லிட்டர் சொம்பு. நாயின் எடை 16 கிலோ. ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் ஒரு நாய் குடித்தால் அது தாகமில்லை, நோய் என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,600 மில்லி எல்லை. செவலை குடித்தது 3,000. வாழ்நாள் முழுக்கக் கிராம் கணக்குப் பார்த்தவளுக்கு, தன் வீட்டு வாளியை அளக்கத் தெரியவில்லை.

இரண்டாவது கேள்விக்குப் பதில், இல்லை. ஒரு ஈத்தாவது குட்டி போடட்டும் என்று விட்டோம், ஐந்து குட்டி போட்டது, அதைக் கொடுக்க ஆள் தேடி நான் மூன்று தெரு அலைந்தேன். அதற்கப்புறம் ஒவ்வொரு பருவத்துக்கும் பூட்டி வைத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம்.

மூன்றாவது கேள்விக்கு நான் சொன்ன பதிலைக் கேட்டு அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், அடக்கிக்கொண்டார். "இதுக்கு இன்னுமா? எல்லாம் நின்னிருக்கும் டாக்டரம்மா" என்றேன். நாய்க்கு நிற்பது என்பதே கிடையாதாம். நமக்கு மாதிரி ஒரு வயதோடு முடிகிற விஷயமில்லை. இடைவெளி கூடலாம், அடையாளம் குறையலாம், ஆனால் கிழடானாலும் வரும். அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் புறப்படும்போது எங்கள் வீட்டுக் கேட்டில் நாலைந்து கடுவன் நாய்கள் கிடந்தன. கல்லை எடுத்து எறிந்துவிட்டு வண்டி ஏறினோம். அது நடந்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம் என்றார் டாக்டர். பயோமெட்ரா என்று அதற்குப் பெயர். பருவம் முடிந்து சில வாரங்களில் வரும். ஒவ்வொரு பருவத்திலும் சுரக்கிற ஹார்மோன் கர்ப்பப்பையின் உள்சுவரைத் தடிக்க வைத்துக்கொண்டே வருகிறது. வயதாக ஆக அந்த இடம் கிருமிக்குத் தோதாகிவிடுகிறது. கிருமி விடுகிற விஷம் சிறுநீரகத்தை வேலை செய்யவிடாமல் பண்ணுவதால், உடம்பில் தண்ணீர் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது, அதனால்தான் அந்தத் தாகம். கர்ப்பப்பை வாய் திறந்திருந்தால் சீழ் வெளியே வடியும், வீட்டுக்காரர் கண்ணில் படும். மூடியிருந்தால் ஒன்றுமே தெரியாது, வயிறு மட்டும் உப்பும், உள்ளேயே வெடித்தாலும் வெடிக்கும். செவலைக்கு மூடியிருந்தது. நான் புற்றுமண் பூசியது அதன் மேல்தான்.

உறுதிப்படுத்த ஸ்கேன் வேண்டும். அங்கே அது இல்லை. டிரிப்ஸ் ஒரு பாட்டில் ஏற்றி, ஒரு ஊசி போட்டு, தன் கைப்பட ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, நாளை என்று தள்ளாதீர்கள், இப்போதே ராமையன்பட்டிக்குப் போங்கள் என்றார். திருநெல்வேலிக்கு முன்னால் சங்கரன்கோவில் சாலையிலேயே இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரி. பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். எங்கள் தெருவில் பூ மார்க்கெட்டுக்கு ஓடுகிற ஒரு குட்டியானை வண்டி உண்டு. அந்தத் தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். பின்னால் ஈரச்சாக்கை விரித்து, நானும் செவலையும். பிச்சிப்பூ வாடையில் ஒன்றரை மணி நேரம். அதன் வாயிலிருந்து வந்த மூச்சு என் முழங்கையில் சுட்டுக்கொண்டே வந்தது.

ஸ்கேனில் காட்டினார்கள். முறுக்கு அச்சின் ஓட்டைகள் மாதிரி வரிசையாகக் கறுப்பு வட்டங்கள், அத்தனையும் சீழ். ரத்தத்தில் வெள்ளை அணு ஏகத்துக்கு ஏறியிருந்தது. இரண்டாவது பாட்டில் ஏற்றி, நாடி கொஞ்சம் நிதானப்பட்ட பிறகு, மாலையில் திறந்தார்கள். வெளியே எடுத்ததை ஒரு தட்டில் வைத்துக் காட்டியபோது இரண்டு பெரிய புடலங்காய் மாதிரி இருந்தது. ஒன்றரைக் கிலோ. இதோடுதான் அது ஐந்து நாள் என் பின்னால் அடுப்பங்கரைக்கும் பைப்படிக்கும் நடந்துகொண்டிருந்தது.

காத்திருந்த நேரத்தில் பார்த்தவற்றையும் எழுத வேண்டும், ஏனென்றால் எல்லா நாய்க்கும் இதே நோய் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பக்கத்து பெஞ்சில் ஒன்பது வயது லாப்ரடார் ஒன்று. அதற்கும் சாப்பாடு இல்லை என்றுதான் கூட்டி வந்திருந்தார்கள். ஆனால் பிஸ்கட்டைக் காட்டினால் ஓடி வந்தது, வாயில் வாங்கியது, ஒரு பக்கமாகக் கடித்தது, கீழே போட்டுவிட்டது. கண்ணுக்குக் கீழே சின்ன வீக்கம். கண்ணில் கோளாறு என்று இரண்டு வாரம் சொட்டு மருந்து விட்டிருக்கிறார்கள். கோளாறு மேல்தாடைப் பெரிய பல்லில். எலும்பு கடித்துப் பிளந்து, வேரில் சீழ் கட்டி, அதுதான் கண்ணுக்குக் கீழே வந்து முட்டியிருக்கிறது. அங்கே பயிற்சியில் இருந்த ஒரு பையன் எனக்கு விளக்கினான்: "அம்மா, ரெண்டும் வேற வேற. தட்டுகிட்ட வந்து திங்க முடியாம நிக்கிறது ஒண்ணு. தட்டுகிட்டயே வராதது ஒண்ணு. முதலாவதுக்கு வாயைப் பாக்கணும், ரெண்டாவதுக்கு ரத்தத்தைப் பாக்கணும்." நான் முப்பத்தொரு வருடம் பிள்ளைகளிடம் பார்த்ததும் அதுதான்.

வெள்ளை ராஜபாளையம் ஒன்று மூக்கில் ரத்தம் கசியப் படுத்திருந்தது. உண்ணிக் காய்ச்சல், ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு குறைந்துபோய். அது நாலு வாரம் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் தேறிவிடுமாம். இன்னொரு கிழட்டுப் பொமரேனியனுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. அதன் மூச்சில் மூத்திர வாடை அடித்தது. அதைத் தூக்கி வைத்திருந்த பெரியவர் தினமும் டிரிப்ஸுக்குக் கொண்டு வருகிறார். அதற்கு முழுக்கக் குணம் இல்லை என்று அவருக்குத் தெரியும். அதுவும் தண்ணீர் நிறையக் குடித்துத்தான் ஆரம்பித்ததாம். வயதைக் காரணம் காட்டிச் சும்மா இருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும் என்று பேசிக்கொண்டோம்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த கோடையில் அந்த அரைப்பக்கத்தை மறுபடியும் போடுவீர்கள். போடும்போது, வெயிலில் நாய் குறைவாகச் சாப்பிடும் என்பதோடு நிறுத்தாமல், குறைவாகச் சாப்பிடுவது வேறு, சாப்பிடாமலே இருப்பது வேறு என்று பிரித்து எழுதுங்கள். ஏழெட்டு வயது தாண்டிய நாய் ஒரு நாள் முழுக்கச் சோற்றைத் தொடாவிட்டால் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். வாந்தியோ அதிகத் தாகமோ சேர்ந்து வந்தால் அந்த ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது என்று எழுதுங்கள். கருத்தடை செய்யாத பொட்டை நாய் என்றால், கடைசிப் பருவம் எப்போது என்று வீட்டுக் காலண்டரில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைக் குறிக்கிறோம், பால் கணக்கைக் குறிக்கிறோம், இதற்கு ஒரு புள்ளி வைக்க இடமில்லையா?

கருத்தடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு ஈத்துப் போட்டால்தான் நாய் ஆரோக்கியமாக இருக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று டாக்டர் அடித்துச் சொன்னார். இளமையிலேயே செய்திருந்தால் அரை நாள் வேலை. பதினோரு வயதில், ரத்தத்தில் விஷம் ஏறிய பிறகு, அதே ஆபரேஷனுக்குள் போய் உயிரோடு திரும்புமா என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டேன். பாவம் என்று நினைத்துத்தான் அப்போது வேண்டாம் என்றேன். எது பாவம் என்று இப்போது தெரிகிறது.

அரசிடமும் ஒன்று கேட்க வேண்டும், உங்கள் மூலமாக. கிராமத்து மருந்தகங்கள் மாட்டையும் ஆட்டையும் கோழியையும் நினைத்து அமைக்கப்பட்டவை. அது நியாயம், அதில்தான் ஜனங்களின் பிழைப்பு இருக்கிறது. மாட்டுக்குச் சினையா இல்லையா என்று டாக்டர் கையை உள்ளே விட்டே சொல்லிவிடுவார். நாயின் வயிற்றை அப்படிப் பார்க்க முடியாது. வட்டத்துக்கு ஒரு கால்நடை மருத்துவமனையிலாவது ஸ்கேன் கருவியும் ரத்தம் பார்க்கிற வசதியும் இருந்தால், வெள்ளாட்டுக்கும் அது உதவும். எங்களுக்கு வண்டிக்காரத் தம்பி இருந்தான், கையில் கொஞ்சம் பணமும் இருந்தது. வண்டி வாடகை 2,200, மருந்தும் மற்றதும் 4,300. அந்த வேப்பமரத்தடியில் எங்களோடு உட்கார்ந்திருந்த, ஆட்டுக்குக் காவலாக ஒரே ஒரு நாய் வைத்திருக்கிற கீதாரி என்ன செய்வார்?

செவலைக்குப் பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் காலையில் நான் எழுந்து முதலில் பார்த்தது தட்டை இல்லை, வாளியை. முந்தின நாள் ஊற்றிய ஒரு சொம்பில் கால்வாசி மிச்சம் கிடந்தது, ஒரு வேப்பம்பழம் மிதந்துகொண்டிருந்தது. தண்ணீர் குடிக்காததைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன். அன்று ராத்திரி கருவாட்டுத் தலையை எடுத்துக்கொண்டு சோற்றை விட்டுவிட்டது. சேட்டை. இப்போது தட்டு மறுபடியும் துளசி மாடத்துக்குப் பின்னால்தான் கிடைக்கிறது.

கடிதம் நீளமாகிவிட்டது, சுருக்கித்தான் போடுவீர்கள் என்று தெரியும். புற்றுமண்ணை வெட்டிக்கொள்ளுங்கள், பூ வண்டியை வெட்டிக்கொள்ளுங்கள், என் கணவருடைய அப்பா காலத்து நாய்க் கதையை வெட்டினால் வீட்டில் எனக்கு நல்லதுதான். கிலோவுக்கு 100 மில்லி என்ற கணக்கை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்,
சங்கரன்கோவில் வட்டம், தென்காசி மாவட்டம்.
(பெயர் போட வேண்டாம், மாத்திரை விஷயம் ஊருக்குத் தெரிய வேண்டாமே.)